இரண்டாம் தடவை தொடுவதற்கு முன்

சூடு ஏறிவிட்டதா என்பதை மரம் சொல்லாது, விரல்தான் சொல்ல வேண்டும். மருந்து பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி, மில் பஞ்சைத் திரித்துச் செருகிய குட்டி விளக்கை மருதாசலம் பியானோவின் வயிற்றுக்குள் நீட்டி, கோணிக்கொண்டு நின்ற ஒரு காம்பின் அடியில் இப்படியும் அப்படியுமாக அசைத்தான். ஒரே இடத்தில் நின்றால் கருகிவிடும், எட்டிப் போனால் இளகாது, சோளக்கதிர் வாட்டுகிற பக்குவம்தான், என்ன, சோளம் கொஞ்சம் கருகினாலும் தின்றுவிடலாம். காம்பு என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். கம்பளி சுற்றிய சுத்தியைத் தலையில் தாங்கி நிற்கிற பென்சில் தடிமன் குச்சி அது. முன்னால் கட்டையை அழுத்தினால் உள்ளே குச்சி எழுந்து சுத்தி கம்பியில் போய் விழ வேண்டும், அததன் கம்பியில், பக்கத்து வீட்டுக் கம்பியில் அல்ல. குன்னூர் மழையிலும் பனியிலும் ஒரு ஆயுசு ஊறிக்கிடந்த பெட்டி, கோயமுத்தூருக்கு இறங்கி வந்து சுகிர்தம் டீச்சரின் மகன் வீட்டு ஏசி அறையில் உட்கார்ந்ததும், மரமெல்லாம் வறண்டு ஆளுக்கொரு பக்கம் திருகிக்கொண்டுவிட்டது, சண்டைக்காரக் குடும்பத்தை போட்டோ எடுக்க நிறுத்தினாற்போல. விரல் சொன்னது. விளக்கை வெளியே எடுத்துவிட்டு, காம்பை இரண்டு விரலால் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்கி அப்படியே நிறுத்தினான். ஆறுகிறவரை விடக்கூடாது. விட்டால் பழைய கோணலுக்கே ஓடிவிடும். இந்தப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம்தான் கெட்ட நேரம். கைக்கு வேலை இல்லை, அதனால் மனசு எழுந்து நடமாட ஆரம்பித்துவிடும். ஆறிவிட்டது, விட்டான், கட்டையை அழுத்தினான். சுத்தி எழுந்தது, கம்பியைத் தொட்டது, தொட்டதைக் கண் பார்த்தது, திரும்பியும் வந்துவிட்டது. டொக் என்று மரத்தோடு மரம் பட்ட சத்தம் மட்டும் அடுத்த தெருவில் யாரோ கதவு தட்டுகிற மாதிரி வந்தது. கம்பியின் சத்தம் வரவில்லை. வந்திருக்கும். இந்த அறையில் வந்திருக்கும், அவனுக்குத்தான் வரவில்லை.

அதற்கு அடுத்த கட்டையை அழுத்தினான், டொக், அதற்கும் அடுத்தது, டொக். கீழ்ப்பக்கம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, இடது கோடியில் அழுத்தினால் வயிற்றில் வந்து இடிக்கிறது, நடுவிலும் குறை இல்லை, மேலே போகப் போக ஒவ்வொன்றும் மெலிந்து, பஞ்சாகி, நூலாகி, ஓர் இடத்துக்கு மேல் நூலும் இல்லை. அந்த ஓர் இடம் போன வருஷம் இன்னும் வலப்பக்கம் தள்ளி இருந்தது. இறங்கிக்கொண்டே வருகிறது, கோடைகாலத்துக் குளத்துத் தண்ணி மாதிரி, நாம் பார்க்கும்போது இறங்காது. அதற்குப் பதிலாக ஒரு சில்வண்டு காதுக்குள்ளே குடிவந்துவிட்டது, அதற்கு ராத்திரி பகல் கிடையாது. முதலில் அது மில்லின் மிச்சம் என்றுதான் நினைத்தான். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்டில் விடியவிடிய நின்றுவிட்டு வருகிறவனுக்கு வீடு வந்தும் கொஞ்ச நேரம் மெஷின் ஓடத்தான் செய்யும், எல்லோருக்கும் ஓடும், தூங்கி எழுந்தால் நின்றுவிடும். நிற்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் தங்கமணி கொல்லைக்குத் துணி துவைக்கக் கிளம்பும்போது, ஏனுங்க குக்கர் வெச்சிருக்கறேன், மூணு விசிலு வந்தா அணைச்சுருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து விசிலுக்குக் காத்திருந்தான். நல்ல மனைவிக்கு நல்ல புருஷனாகக் காத்திருந்தான். பருப்பு தீய்ந்து வாசம் வந்து அவள் ஈரக்கையோடு ஓடிவந்தபோது அவன் கண்ணைத் திறந்துகொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். தூங்கிட்டேன் என்றான். கண்ணத் தொறந்துட்டா தூங்குனீங்க என்று கேட்டாள். நைட் ஷிப்ட்காரனுக்கு அதெல்லாம் உண்டு என்றான். அவள் அதற்கப்புறம் விசில் எண்ணச் சொல்வதே இல்லை. ஏன் சொல்வதில்லை என்று அவனும் கேட்கவில்லை. ஒருவேளை தெரிந்துவிட்டதோ. தெரிந்திருந்தால் சும்மா இருக்க மாட்டாள், ஊரைக் கூட்டியிருப்பாள். அல்லது தெரிந்ததனால்தான் சும்மா இருக்கிறாளோ.

ஆல்வினுக்குத் தெரிந்துவிடக்கூடாது. அது ஒன்றுதான். சுருதி சேர்க்கிறவன் ஆல்வின். மரம் அவனுக்கு ஆகாது, உளியைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்வான், அதனால் எந்த வீட்டில் பெட்டி திருகிக்கொண்டாலும் முதலில் மருதாசலத்தை அனுப்பிவிட்டு மறுநாள் அவன் வருவான். இந்த வீட்டுக்கு நாளைக் காலையில் வருகிறான். போன தடவை ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு வந்த மறுநாள் வீடியோ போன் செய்து, என்னண்ணா, மேல நாலு சுத்தி பக்கத்துக் கம்பியவும் தட்டுது, ரெண்டு வீட்டுக்கும் பால் ஊத்துது, காதக் கழட்டி வெச்சுட்டு வேலை பாத்தீங்களா என்று சிரித்தான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். மருதாசலமும் சிரித்தான், போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்த வாயோடே நின்றுகொண்டிருந்தான். இன்னொரு தடவை அப்படி ஆனால் ஆல்வின் சிரிக்க மாட்டான், சண்டையும் போட மாட்டான், அடுத்த வேலைக்கு வீடு சொல்லாமல் விட்டுவிடுவான், அவ்வளவுதான். அப்புறம் மில் மட்டும்தான். மில்லில் அவன் செய்வது ஓடுகிறதை ஓடவைப்பது. நின்றுபோனதன் முன்னால் உட்கார்ந்து இது ஏன் நின்றது என்று யோசிக்கிற பாக்கியம் அங்கே யாருக்கும் இல்லை. அதனால் இப்போதெல்லாம் சாக்பீஸ் வைத்திருக்கிறான். சுத்தியின் மூக்கில் லேசாகத் தேய்த்துவிட்டுக் கட்டையை அழுத்தினால் எந்தக் கம்பியில் வெள்ளை ஒட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கண்ணால் கேட்கிற வித்தை. மேல் வரிசை முழுக்கக் காலையிலிருந்து அப்படித்தான் பார்த்து முடித்திருக்கிறான். எல்லாம் அததன் கம்பியில்தான் ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கிற மாதிரித்தான் இருக்கிறது. கண் எரிகிறது, மில் விட்டு நேரே வந்தவன், இன்னும் தூங்கவில்லை, எரிகிற கண்ணுக்கு வெள்ளைக்கும் தூசிக்கும் என்ன வித்தியாசம்.

சுகிர்தம் டீச்சர் வந்து ஒரு ஸ்டூலில் காபி வைத்தார். வெள்ளைப் பருத்திச் சேலை, உள்ளங்கையில் மடித்த கைக்குட்டை, குன்னூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சர்ச் பாடகர் குழுவுக்கும் இந்தப் பெட்டியை வைத்தே காலமெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். கணவர் போன பிறகு மகன் வந்து அவரையும் பெட்டியையும் ஒரே நாளில் கீழே இறக்கிவிட்டான். மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டார்கள். கண்ணெல்லாம் செவந்திருக்கே, கொஞ்சம் சாஞ்சிட்டுப் பாருங்களேன் மருதாசலம் என்றார். அதை அவன் உதட்டிலிருந்து எடுத்தான். மில்லில் எல்லோரும் அப்படித்தான், மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் டீ குடிக்கலாமா என்பதை உதட்டாலேயே கேட்பான், இந்தப் பக்கத்திலிருந்து கைவிரலால் பதில் போகும், மேஸ்திரியைப் பற்றிய கெட்ட வார்த்தைகூட மேஸ்திரிக்கு எதிரிலேயே அப்படிப் போய்வரும். அந்தப் பழக்கம்தான் இத்தனை நாள் அவனைக் காப்பாற்றுகிறது. மனிதர்கள் முகத்தைக் காட்டிப் பேசுகிறவரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை. டீச்சர் பேசிக்கொண்டே திரும்பிவிடுகிற ஆள், அதுதான் தொந்தரவு. இப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார், அவன் ஆமாங்க டீச்சர் என்று வைத்தான். எதற்கு ஆமாம் போட்டோம் என்று தெரியவில்லை. உங்க வேலை மோசம்னு சொல்றாங்களா என்று கேட்டிருந்தாலும் ஆமாங்கதான். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஓ, வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

வாசித்தார். சர்ச்சில் சாயங்கால ஆராதனை முடிகிறபோது பாடுவார்களாம், அந்தப் பாட்டு. மருதாசலம் பக்கவாட்டில் நின்று, உள்ளே சுத்திகள் எழுந்து விழுவதைப் பார்த்தான். காற்றடிக்கிற சோளக்காடு மாதிரி இருந்தது, அவன் நிமிர்த்திவிட்ட சோளக்காடு. மில் கிளப்பில் கரையான் பிடித்துக் கிடந்த ஒரு பெட்டியைக் கழிவுப் பஞ்சுக் குடோனில் தூக்கிப் போட்டபோது, விடுமுறைக்கு விடுமுறை போய் அதைக் கழற்றிப் பார்த்தானே, யாரும் சொல்லித்தராமல், திருப்பிப் பூட்டும்போது கை நிறையத் துண்டுகள் மிச்சம் விழுந்தனவே, அப்போதும் இதே சோளக்காட்டைத்தான் முதலில் பார்த்தான், சத்தத்தைப் பிறகுதான். அதனால் காது போனாலும் என்று மனசு ஆரம்பித்தது, அதை அங்கேயே நிறுத்தினான். டீச்சர் பாட்டைத் திரும்ப எடுத்தார், இந்தத் தடவை வலது கையை ஒரு படி மேலே ஏற்றி, நூலாகிற இடத்துக்கு. அங்கே ஒரே கட்டையை அடுத்தடுத்து இரண்டு தடவை தொட வேண்டும்போல இருக்கிறது. ஒரு தடவை தொட்டார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. இடது கையும் நின்றது. தலை லேசாகச் சாய்ந்தது. எதையோ கேட்கிறார். எதைக் கேட்கிறார், அந்தக் கட்டை இன்னும் சிணுங்கிக்கொண்டிருக்கிறதா, கம்பி அடங்காமல் கீச்சென்று இழுக்கிறதா, அல்லது கட்டையே எழும்பி வராமல் மாட்டிக்கொண்டதா. வந்துவிட்டதே, கண்ணால் பார்த்தானே. கை இறங்கி இரண்டாம் தடவை தொட்டது, பாட்டு ஒன்றும் நடக்காததுபோலப் போய்விட்டது. அடுத்த சரணத்தில் அதே இடம் வந்தது. அதே கட்டை, அதே கை, அதே நிற்பு.

பாட்டு முடிந்ததும் அவர் நல்லா இருக்கு என்றார், எழுந்து உள்ளே போனார். நல்லா இருக்கு என்று சொல்கிறவர்கள்தான் பிறகு ஆல்வினிடம் வேறு சொல்வார்கள். மருதாசலம் அந்தக் கட்டையை உருவி எடுத்தான். வெளியே தெரிகிற வெள்ளைத் தலையைவிட உள்ளே ஒளிந்திருக்கிற உடம்பு நீளம், அதை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி மாதிரி குறிபார்த்தான். மகா மோசமான கோணல் எல்லாம் இல்லை, காலையிலேயே ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் நிமிர்த்தியதுதான். இருந்தாலும் உப்புத்தாளை எடுத்து விலாவில் இரண்டு இழுப்பு இழுத்தான். போட்டு அழுத்தினான், இறங்கியது, எழுந்தது. டீச்சர், இன்னொருக்கா அதே பாட்டுங்க என்று குரல் கொடுத்தான். வந்து வாசித்தார். நின்றார். அவர் போனதும் மறுபடி உருவினான், மறு விலாவில் தேய்த்தான், மரத்தூள் மடியில் விழுந்தது, வெளிறின மாவு மாதிரி, இது யார் வீட்டு மரமோ, எந்த நாட்டுக் காட்டில் நின்றதோ, கப்பலேறி வந்து குன்னூர் ஏறி இங்கே இறங்கி என் மடியில். டீச்சர், இன்னொருக்கா. நின்றார். கட்டை உட்காருகிற குழியைப் பார்த்தான், கட்டையைப் பிடித்து நிறுத்துகிற ஊசியைத் துடைத்தான், சுத்தியில் சாக்பீஸ் போட்டான், சரியாகத்தான் ஒட்டுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் ஒரு மனுஷி ஏன் தலையைச் சாய்த்துக் கேட்க வேண்டும், அவர் கேட்கிற அது எது, எவ்வளவு சின்னது, ஆல்வின் நாளை வந்து முதல் அழுத்திலேயே பிடித்துவிடுவானே அதை, பிடித்துவிட்டு இந்தத் தடவை சிரிக்காமல் நிற்பானே, சில்வண்டு வேறு இன்றைக்கென்று கத்துகிறது, இன்னும் இரண்டு இழுப்பு, இன்னும் ஒன்று. உள்ளே போட்டு விரலை வைத்தபோது கட்டை இரண்டு பக்கமும் ஆடியது, விழப்போகிற பல் மாதிரி. தேய்த்தது போதாது என்று நினைத்துக்கொண்டே இருந்தவன் போதும் என்கிற இடத்தை எப்போது தாண்டினான் என்றே தெரியவில்லை.

டீச்சர் கதவருகில் நின்றிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. உதடு அசைந்தது: என்ன, அது ஒண்ணையே கட்டிக்கிட்டு அழுறீங்க. பேசாமல் ஒன்றுமில்லீங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டுச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போனால் இன்றைக்குப் பிழைத்தான். வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அந்த எடத்துல உங்குளுக்கு என்னங்க கேக்குது?"

"எந்த இடத்துல?"

"கையத் தூக்கிட்டு நிக்கறீங்களே, அங்க. என்னமோ சிணுங்கறதக் கேட்டுட்டு நிக்கற மாதிரி இருக்குதுங்க. எனக்கு மேல் கட்டையெல்லாம் கேக்கறதில்லீங்க. நீங்கதான் சொல்லோணும்."

சொல்லியாகிவிட்டது. தங்கமணியிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, கண்ணாடியிடம்கூடச் சொல்லாததை. டீச்சர் பியானோவைப் பார்த்தார், பிறகு அதன் பக்கம் திரும்பி நின்று என்னவோ நீளமாகப் பேசினார். நரைத்த கொண்டை மட்டும் அசைந்தது. திட்டுகிறாரா, யாரையாவது கூப்பிடுகிறேன் என்கிறாரா. பழையபடி ஆமாங்க என்று வைக்க நாக்கு எழுந்தது. அதை அடக்கிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க டீச்சர்."

அவர் திரும்பினார். அவன் உதட்டைப் பார்ப்பதை அப்போதுதான் பார்த்தார்போல இருந்தது. மெதுவாகச் சொன்னார்: "அது கட்டை இல்ல மருதாசலம். நான்தான்."

குன்னூரில் மழைக்காலம் வந்தால் அந்த ஒரு கட்டை ஊறிக்கொள்ளுமாம். அழுத்தினால் இறங்கும், எழும்பாது, தன் சௌகரியத்துக்குத்தான் எழும்பும். அது எழும்பிவருகிறவரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்துதான் இரண்டாம் தடவை தொட முடியும். பாடகர் குழுவில் எல்லோரும் அவர் வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியில் பழகினவர்கள், அதனால் அந்த இடத்தில் மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். வெயில்காலத்திலும் வாங்கினார்கள். சர்ச்சில் வேறு பெட்டி, அதில் எந்தக் கட்டையும் மாட்டாது, அங்கேயும் எல்லோரும் நிற்பார்கள். புதிதாக வந்த பாதிரி ஐயர் ஒருவர் ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கட்டைக்குரலில் பாடுகிற ஒரு பெரியவர், அப்படித்தான் பாட்டுல எழுதியிருக்கு என்று அடித்துச் சொல்லிவிட்டாராம், ஐயரும் நின்றார். டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். இங்க வந்தும் என் கை நிக்குது, நான் நிறுத்தல என்றார். மருதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் அதத் தேச்சுட்டனுங்க. நல்லா இருந்த கட்டைய."

கிட்ட வந்து அவரே விரலால் ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இது இனி இப்படியேதானா என்று கேட்டார். மெல்லிசாச் சீவல் செதுக்கி விலாவுல ஒட்டுனா நிக்குங்க என்றான். ஒட்டுங்க என்றார், அதுக்குள்ள மேல இருக்கறத நான் பாத்துச் சொல்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்து சீவல் செதுக்கினான், பசை தடவினான், நூலால் கட்டினான். அவர் வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பி, வருது என்றார். வருது. வருது. பிறகு உதட்டைப் பிதுக்கினார், இது பக்கத்துக் கம்பியையும் தொடுது. சாக்பீஸ் சரி என்று சொன்ன சுத்திதான் அது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் அப்படியே. ஆல்வினுடைய காதில் நாளைக்குக் காலையில் விழுந்திருக்க வேண்டியவை இரண்டும். அவன் எழுந்து விளக்கைப் பற்றவைத்து, முதல் காம்பின் அடியில் காட்டி, விரல் சொன்னதும் முறுக்கிப் பிடித்தான். டீச்சர் கட்டையைத் தட்டித் தட்டி, இன்னும் இன்னும் என்று தலையசைத்துக்கொண்டே வந்து, போதும் என்று கையைக் காட்டினார். மில்காரர்களின் சைகை மாதிரியே இருந்தது.

"ஆல்வினுக்குத் தெரியுமா?"

தெரியாதுங்க என்று தலையை ஆட்டினான்.

"நாளைக்கு நீங்களும் வாங்க. நீங்க முறுக்குங்க, அவன் கேட்டுச் சொல்லட்டும். முடியாதுன்னா முடியாதுன்னு அவன் வாயாலயே சொல்லட்டுமே."

மருதாசலம் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆறுகிறவரை விடக்கூடாது.

இரண்டாவது காம்பும் நிமிர்ந்து, பசை இறுகி, நூலைப் பிரித்து, கட்டையைத் திரும்பக் குழியில் இறக்கியபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. மில் பஸ் வருகிற நேரம் நெருங்கிவிட்டது, இன்றைக்கும் தூக்கமில்லாமல்தான் ஏற வேண்டும். ஆடவில்லை, விரல் வைத்துப் பார்த்தான், ஆடவில்லை. டீச்சர் உட்கார்ந்தார். அவன் உள்ளே சுத்திகளைப் பார்க்கவில்லை, பெட்டியின் பக்கப்பலகையில் உள்ளங்கையைப் பதித்து நின்றான். பாட்டு கீழே தொடங்கிக் கையில் ஏறியது, நடுவுக்கு வந்தது, மேலே போனது, மெலிந்தது. அந்த இடம் வந்தது. ஒரு தடவை தொட்டார், பலகையில் ஒரு எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, கையைத் தூக்கினார், நின்றார். பழக்கதோஷத்தில் மருதாசலம் காதைத் தீட்டிக்கொண்டான், தவறவிட்டுவிடுவோமோ என்று பலகையில் கையை இன்னும் அழுத்தினான், பிறகு ஞாபகம் வந்தது. இங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை. டீச்சருக்கும் இல்லை, நாளைக்கு ஆல்வின் வந்து நின்றாலும் அவனுக்கும் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டான். அப்புறம் அவர் கை இறங்கியது.